வட்டை என்றொரு ஊர்

என்னுடைய வேலையை அப்பா ஊராருக்கு விளக்கும் விதமே தனி. "உன்ட மூத்தவள் என்ன செய்யிறாள்?" என்று யாராவது கேட்டால், வலையில் சிக்கிய நண்டைக் கழற்றிக்கொண்டே, "படிச்ச ஆக்களத் தேடிப் பிடிக்கிற வேலை" என்பார். கேட்டவரின் முகம் மாறிவிடும். "பொலிசிலயா?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டவர்களும் உண்டு. அப்பா அதை மறுக்கவும் மாட்டார். அந்த ஒரு காரணத்துக்காகவே மட்டக்களப்புக் கல்லடியில் எங்கள் ஒழுங்கையில் எனக்குக் கொஞ்சம் மரியாதை இருந்தது.

அப்பா சொன்னதில் பிழையும் இல்லை. உலகத்தில் பேர்போன பல்கலைக்கழகங்கள் சில இருக்கின்றன. அங்கே கலாநிதிப் பட்டம் படிக்கப் போகிறவர்கள் முதல் பட்டத்தை எங்கே எடுத்தார்கள், எந்த வாசலால் நுழைந்தால் அந்த வாசலுக்குப் போகலாம் என்பதை அறிய ஆசைப்படும் பிள்ளைகளும் பெற்றோரும் கோடிக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்களுக்காக ஒரு வெளிநாட்டு நிறுவனம் இணையத்தளம் நடத்துகிறது. பல்கலைக்கழகத்தின் பெயரைத் தட்டினால், அங்கிருந்து எத்தனை பேர் எந்தப் பெரிய இடத்துக்குப் போனார்கள் என்று வரும். பார்க்க ஏதோ பெரிய இயந்திரம் கணக்குப் பார்த்துச் சொல்வதுபோல் இருக்கும். அந்த இயந்திரம் நாங்கள்தான். கல்லடியில் ஒரு மாடி வீட்டின் மேல்தளத்தில், ஒரு ஜன்னலில் கடலும் மறு ஜன்னலில் வாவியும் தெரிய, மின்விசிறிக்குக் கீழே இருந்து ஒவ்வொரு ஆளாகத் தேடிப் பிடித்துக்கொண்டிருந்தோம்.

பல்கலைக்கழகங்கள் இந்த விபரத்தைத் தாமாகத் தருவதில்லை. தந்தாலும் பெருமைக்குரியதை மட்டும் தரும். ஆகவே துறைகளின் மாணவர் பக்கங்கள், ஆய்வேட்டின் முதல் பக்கங்கள், பட்டமளிப்பு விழாக் கையேடுகள், பழைய செய்திகள் எல்லாவற்றையும் கிண்ட வேண்டும். சட்டம் ஒன்றுதான். ஒருவருடைய முதல் பட்டம் எங்கே பெற்றது என்பதற்கு இரண்டு பகிரங்க ஆதாரம் வேண்டும், இரண்டும் ஒரே ஆளைத்தான் சொல்ல வேண்டும். ஆளிடமே எழுதிக் கேட்கக் கூடாது. மனிதர்கள் தங்களைப் பற்றிச் சொல்லும்போது கொஞ்சம் உப்புப் புளி சேர்ப்பார்கள் என்பது நிறுவனத்தின் அனுபவம்.

நான் தேடிப் பதிவேன். நான் பதிந்ததைச் சரிபார்ப்பவர் காத்தான்குடியிலிருந்து ஸ்கூட்டியில் வரும் ஒரு பெண். என்னைவிட மூத்தவர் என்பதால் எல்லோரையும்போல நானும் ராத்தா என்றுதான் கூப்பிடுவேன். அவரிடம் தப்ப முடியாது. "ரெண்டு ஆதாரம் இல்லாட்டி ஆளே இல்ல, புள்ள" என்று சொல்லி, அட்டவணையில் ஆளுக்கொன்றாக நான் ஏற்றும் வரிசைகளைத் தயவுதாட்சண்யம் இல்லாமல் திருப்பி அனுப்புவார். எனக்கு மூக்கு நுனியில் கோபம். முதல் மாதங்களில் நாங்கள் இருவரும் பேசிக்கொண்டதைவிட முறைத்துக்கொண்டதுதான் அதிகம்.

அந்த மார்கழியில்தான் என் தங்கச்சியின் காரியம் வந்தது. அவள் வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்தில் இரசாயனவியலில் இறுதி வருடம். நானும் அங்கேதான் படித்தேன். எனக்கு வகுப்பில் நித்திரை வரும், அவளுக்கு ஆய்வுகூடத்தைப் பூட்டினால் அழுகை வரும், அவ்வளவுதான் வித்தியாசம். தண்ணீரில் கரைந்த உலோகங்களைப் பற்றி அவள் செய்த சிறிய ஆய்வைப் பார்த்துவிட்டு, பெயரைச் சொன்னாலே எழுந்து நிற்கத் தோன்றும் ஒரு வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியை, "நீ விண்ணப்பித்துப் பார்" என்று பதில் எழுதியிருந்தார். விண்ணப்பம் முழுக்க நிரப்பியாகிவிட்டது. அனுப்ப வேண்டியது மட்டும்தான் பாக்கி. முடிவுத் திகதி நெருங்கிக்கொண்டிருந்தது.

அனுப்பவில்லை. ஒரு நாள் காலை, எங்கள் இணையத்தளத்தைத் திறந்த தன் கைப்பேசியை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். எங்கள் பல்கலைக்கழகத்தின் பெயரைத் தட்டியிருந்தாள். 'முடிவுகள் இல்லை' என்று வந்திருந்தது.

"பாத்தயா அக்கா? உங்கட சைட்டே சொல்லுது. நம்மட கெம்பஸால ஆரும் அங்க போகல்ல. எனக்கு மட்டும் என்ன கொம்பா முளைச்சுக் கிடக்கு?"

"அது அப்பிடி இல்ல..."

"மறுகா எப்பிடி? நீதானே இதெல்லாம் சேக்கிறாய்?"

அடுப்படியிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "அதத்தானே கா நானும் சொல்லுறன். ரீச்சர் வேலைக்குப் போடு. கண்காணாத நாட்டுல போய் ஆரு பாக்கிற உன்ன?"

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி மாளாது. யார் மேல் என்பதுதான் தெரியவில்லை. நான் இரவும் பகலும் கண் எரியச் சேர்த்த அட்டவணை என் வீட்டுக்குள்ளேயே நுழைந்து என் தங்கச்சியின் வாயை அடைத்துவிட்டது. அந்த அட்டவணை எப்படி வருகிறது என்று எனக்குத் தெரியும். 'முடிவுகள் இல்லை' என்றால் யாரும் போகவில்லை என்று அர்த்தமில்லை, எங்களுக்கு யாரும் அகப்படவில்லை என்றுதான் அர்த்தம். வாவியில் வலை வெறுமையாக வந்தால் வாவியில் மீனே இல்லை என்று அப்பா ஒருநாளும் சொன்னதில்லை. ஆனால் ஒரு வெள்ளைத் திரையில் கறுப்பு எழுத்தில் 'இல்லை' என்று வந்தால் அதற்கு ஒரு அதிகாரம் வந்துவிடுகிறது. நான் வாயால் என்ன சொல்லியும் தங்கச்சி கேட்கவில்லை. கைப்பேசியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

எங்கள் வேலையில் 'பொருந்தாதவர்கள்' என்று ஒரு குப்பைக்கூடை உண்டு. இரண்டு ஆதாரங்களிலும் உள்ள ஆள் ஒருவர்தானா என்று சந்தேகம் வந்தால், அந்த வரிசையைத் தூக்கி அதற்குள் போட்டுவிடுவார்கள். பெரும்பாலும் வெளிநாட்டில் இருக்கும் சரிபார்ப்பவர்கள் போட்டவை. அதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அன்று வேலைக்குப் போனதும் நான் அதைத் திறந்து கொட்டினேன்.

கொஞ்ச நேரத்திலேயே சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. கூடை நிறைய எங்கள் ஆட்கள். யாழ்ப்பாணம், மதுரை, மட்டக்களப்பு, எல்லா இடத்து ஆட்களும். காரணம் பெயர். எங்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. அப்பாவின் பெயர் முன்னுக்கு, தன் பெயர் பின்னுக்கு. வெளிநாட்டில் போய் இறங்கியதும் அங்கே முன்னுக்கு நிற்பதுதான் ஆளின் பெயர் என்று நினைத்து, வகுப்பில் எல்லோரும் அப்பாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, பிள்ளை பெயரைத் திருப்பிப் போட்டுக்கொள்ளும். அதோடு இங்கே பட்டம் வாங்கியவர் ஒருவர், அங்கே படிப்பவர் வேறொருவர் என்றாகிவிடும். இரண்டு அரை ஆட்கள். அரை ஆளைச் சேர்க்க அட்டவணையில் இடமில்லை.

"ராத்தா, இஞ்ச வந்து பாருங்க. ஒரே ஆக்கள ரெண்டாக் கிழிச்சுப் போட்டிருக்கிறானுகள்!" என்று கத்தினேன்.

அவர் வந்து குனிந்து பார்த்தார். என் திரையில் அப்போது இருந்தது ஒரு பெண்ணின் வரிசை, எங்கள் வளாகத்திலிருந்து அந்தக் கூடையில் கிடந்த ஒரே ஆள். பெரும் பேர் வாங்கிய ஒரு பல்கலைக்கழகத்தில் மண்ணியலில் கலாநிதிப் பட்டம். துறைப் பக்கத்தில் அவருடைய படமும், முதல் பட்டம் எங்கள் வந்தாறுமூலை வளாகத்தில் என்ற வரியும் இருந்தன. அது ஒரு ஆதாரம். எங்கள் வளாகத்தின் பழைய பட்டமளிப்புக் கையேட்டில் அதே பெயர், தலைகீழாக, ஊர் கொக்கட்டிச்சோலை என்று இருந்தது. அது இரண்டாவது. பெயர் திரும்பியிருந்ததைக்கூட ஒரு சரிபார்ப்பவர் கண்டுபிடித்திருந்தார், பாவம். ஆனால் அவர் கடைசியில் எழுதியிருந்த குறிப்பு இதுதான்: 'ஆய்வேட்டின் சமர்ப்பணத்தில் இவருடைய குடும்பம் வட்டை என்ற ஊரில் இருப்பதாகத் தெரிகிறது. கையேட்டில் உள்ளவர் வேறு ஊர். வட்டை என்ற ஊர் வரைபடத்தில் இல்லை. வேறு வேறு ஆட்கள்.'

நான் ஆய்வேட்டைத் திறந்தேன். முதல் பக்கத்தில் ஆங்கிலத்தில் ஒரே ஒரு வரி. 'நான் இதை எழுதும் இந்த நேரத்திலும் வட்டையில் நிற்கும் அப்பாவுக்கு.' வட்டை என்ற சொல் மட்டும் ஆங்கில எழுத்தில் அப்படியே தமிழாகக் கிடந்தது.

ராத்தா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நான் பொத்தாமலே சிரித்தேன். வயல்வெளியைத்தான் எங்கள் பக்கத்தில் வட்டை என்போம். அது எந்த வரைபடத்தில் இருக்கும்? ஒரு பெண் தன் அப்பா வயலுக்குள் நிற்கிறார் என்று பாசத்தோடு எழுதியிருக்கிறாள். அதை ஊர் என்று நினைத்து, அந்த ஊரைத் தேடிக் காணாமல், ஆளையே வெட்டி எறிந்துவிட்டார்கள். எங்கள் வளாகத்தின் பூச்சியத்துக்குக் காரணம் அந்த ஒரு சொல்.

அன்று மாலையே வெளிநாட்டு மேலாளரோடு காணொளியில் பேசினேன். பொறுமையான மனிசி. வட்டை என்றால் என்ன, பெயர் ஏன் திரும்புகிறது என்று நான் மூச்சுவிடாமல் சொன்னதை முழுக்கக் கேட்டார். கேட்டுவிட்டு, "உங்களை நம்புகிறேன். ஆனால் உங்கள் சொல் ஒரு ஆதாரமில்லையே. கையேட்டில் உள்ள இந்தப் பெயரையும் அந்தப் பல்கலைக்கழகத்தையும் ஒரே இடத்தில் சேர்த்துக் காட்டும் ஏதாவது ஒன்று வேண்டும்" என்றார். நான் ராத்தாவைப் பார்த்தேன். அவர், "சரியாத்தானே சொல்றா" என்றார். எனக்கு இரண்டு பேரையும் கடிக்க வேண்டும்போல் இருந்தது.

ஆனால் என்னைவிட முதலில் யோசித்ததும் ராத்தாதான். "புள்ள, வெளிநாட்டுக்குப் படிக்கப் போனா சந்தியில பெனர் கட்டாம விட்டிருப்பாங்களா?"

நான் எழுந்து அவருடைய கையைப் பிடித்துக்கொண்டேன். எங்கள் ஊர்களில் ஒரு பிள்ளை ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் எடுத்தாலே சந்தியில் பதாகை ஏறிவிடும். படம், பெயர், என்ன சாதித்தது, வாழ்த்துவோர் யார் யார் என்று எல்லாம் அதில் இருக்கும். தெருவில் போகும் மாடும் பார்க்கலாம். அதைவிடப் பகிரங்கமான ஆதாரம் உலகத்தில் வேறென்ன இருக்கிறது?

மறுநாள் ராத்தாவின் ஸ்கூட்டியில் இரண்டு பேரும் கொக்கட்டிச்சோலைக்குப் போனோம். மழை விட்டு விட்டுப் பெய்தது. சந்தியில் பதாகை ஒன்றும் இல்லை. தேநீர்க் கடையில் விசாரித்தோம். பெயரை இரண்டு விதமாகவும் சொல்ல வேண்டிய அவசியமே வரவில்லை. "வெளிநாட்டுல படிக்கிற மண்ணுப் புள்ளயா?" என்று கடைக்காரரே கேட்டார். "கன நாள் இஞ்சதான் தொங்கினது. கழட்டினாப்போல தகப்பன் கொண்டு போயிட்டார். இப்ப அவர் வட்டைக்குள்ளதான் நிப்பார், போய்ப் பாருங்க."

வட்டைக்குள் போனோம். வரம்பெல்லாம் சேறு. ராத்தா அபாயாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு என்னைவிட வேகமாக நடந்தார். பயிர் முழங்காலுக்கு மேல் பச்சையாக நின்றது. நடுவில் வாடி என்கிற காவல் குடிசை, அதன் வாசலில் சாரத்தை மடித்துக் கட்டிய ஒருவர். நாங்கள் யார், எதற்கு வந்தோம் என்று சொன்னதும் அவர் எங்களை உள்ளே வரச் சொன்னார். குனிந்து நுழைந்து நிமிர்ந்தேன். கூரையே அந்தப் பதாகைதான்.

பன்றிக் காவலுக்குப் போட்ட வாடி. மேலே ஓலை, ஓலைக்குக் கீழே பதாகை, எழுத்தும் படமும் உள்பக்கம் பார்க்க. எங்கள் தலைக்கு மேலே அந்தப் பெண் சிரித்துக்கொண்டிருந்தார். துறைப் பக்கத்தில் பார்த்த அதே முகம். அப்பாவின் பெயர் முன்னுக்கு, அவருடைய பெயர் பின்னுக்கு, கீழே எங்கள் வளாகத்தின் பெயர், அதற்குக் கீழே அந்தப் பெரிய பல்கலைக்கழகத்தின் பெயர் தமிழ் எழுத்தில், ஒரு எழுத்துப் பிழையோடு.

"வெளிப்பக்கம் போட்டா வெயிலுக்கு நிறம் போயிடும்" என்றார் அவர். "இப்பிடிப் போட்டா காவலுக்குப் படுக்கக்குள்ள புள்ளயப் பாத்துக்கிட்டுக் கிடக்கலாம்."

வெட்கமில்லாமல் அழுதேன். ராத்தா அழவில்லை. அவருக்கு வேலை முக்கியம். படம் எடுக்கலாமா, மற்றவர்களுக்குக் காட்டலாமா என்று முறையாகக் கேட்டு, "மகளுக்கும் சொல்லிடுறன், எடுங்க" என்று பதில் வாங்கிக்கொண்டார். நின்றால் முழுப் பதாகையும் கைப்பேசிக்குள் வரவில்லை. ஒரு நொடி யோசித்துவிட்டு, "பிஸ்மில்லாஹ்" என்று சொல்லி அந்த மனிதரின் பாயிலேயே மல்லாக்கப் படுத்துவிட்டார். என்னை ஆட்டிப்படைத்த ராத்தா, வட்டைக்கு நடுவில், சேற்றுக் காலோடு, கூரையைப் பார்த்துப் படம் எடுத்துக்கொண்டிருந்த அந்தக் காட்சிக்காக நான் அவரை எல்லாவற்றுக்கும் மன்னித்தேன்.

மேலாளர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். ஆதார வகை என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று கேட்டார். வாழ்த்துப் பதாகை என்றேன். எங்கே பார்த்தீர்கள் என்று கேட்டார்.

"வட்டையில்" என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். "அப்படியென்றால் வட்டை என்று ஓர் இடம் இருக்கத்தான் செய்கிறது."

"இருக்கிறது. பெரிய இடம்" என்றேன். என் குரலில் இருந்த திமிரை நான் மறைக்கவில்லை.

அந்த வாரமே வரிசை ஏறியது. அதோடு நிற்கவில்லை. பெயர் திரும்பியிருந்தால் ஆளைத் தூக்கி எறியக் கூடாது என்று சட்டத்தை மாற்றினார்கள். கூடையைக் கவிழ்த்து எல்லோரையும் மறுபடி பார்க்கும் வேலையை எங்களிடமே தந்தார்கள். அரை ஆட்களாகக் கிடந்தவர்கள் ஒவ்வொருவராக முழு ஆளாக எழுந்து வந்தார்கள். ஒவ்வொருவர் எழும்போதும் நான் மேசையில் தட்டினேன். ராத்தா, "மேசை உடையப்போகுது" என்றார், பிறகு அவரும் தட்டினார்.

அந்தப் பெண்ணின் வரிசை ஏறிய அன்று நான் வீட்டுக்கு ஓடிய ஓட்டத்தில் ஒரு செருப்பு அறுந்தது. தங்கச்சியின் கைப்பேசியை வாங்கி, எங்கள் வளாகத்தின் பெயரை நானே தட்டிக் கொடுத்தேன். 'முடிவுகள் இல்லை' இல்லை. ஒன்று என்று வந்தது.

அவள் திரையை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள். பிறகு, "ஒண்டுதானே அக்கா" என்றாள்.

"ஓம், ஒண்டுதான். நீ போனா ரெண்டு."

வாடியின் கதையை அவளுக்குச் சொன்னேன். பாயில் படுத்து மகளைப் பார்க்கும் அந்த அப்பாவைச் சொன்னேன். அவள் மடிக்கணினியைத் திறந்தாள். அம்மா மீன் வெட்டிக்கொண்டிருந்த கையோடு வந்து பின்னால் நின்றார். நான் சண்டைக்குத் தயாரானேன். அம்மாவோ, "அந்தப் புள்ளட தாய் என்ன சொன்னவவாம்?" என்று மட்டும் கேட்டார். அவர் ஒரு பதாகைக்கு இரண்டு முறை காசு கட்டி, ஒன்றைச் சந்திக்கும் ஒன்றைத் தன் வீட்டு வாசலுக்கும் அடித்தவராம் என்றேன். அது வட்டைக்குள் கேட்ட கதைதான், நான் கட்டியது அல்ல. அம்மா மீனுக்குத் திரும்பிப் போனார். தங்கச்சி அனுப்பும் பொத்தானை அழுத்தினாள்.

பங்குனியில் பதில் வந்தது. இடம் கிடைத்துவிட்டது, முழு உதவித்தொகையோடு. அவள் அதை வாசித்த சத்தத்தில் அடுத்த வீட்டு நாய் குரைத்தது. அப்பா அன்று வாவிக்குப் போகவில்லை. ஒழுங்கை முழுக்க நடந்து, வழியில் கண்ட எல்லோருக்கும் சொன்னார். இந்த முறை பொலிசென்று யாரும் கேட்கவில்லை.

அவள் விமானம் ஏறி, அங்கே துறைப் பக்கத்தில் அவளுடைய படமும் ஏறியபின், எங்கள் அட்டவணைக்கு அடுத்த வரிசை வந்தது. சொந்தக்காரரை நாமே பதியக் கூடாது என்பது சட்டம். ராத்தா எடுத்துக்கொண்டார். எடுத்த கையோடு, முகத்தில் துளி சிரிப்பும் இல்லாமல் கேட்டார்: "ஒரு ஆதாரம் இரிக்கி. ரெண்டாவது எங்க?"

"ராத்தா, அவள் என்ட தங்கச்சி! நீங்க எங்கட வீட்டுல சோறு தின்ற ஆள்!"

"சோறு ஆதாரம் இல்ல, புள்ள."

"அப்ப கல்லடிச் சந்திக்கு வாங்க" என்றேன்.

வந்தார். சந்தியில் தங்கச்சிக்காகத் தொங்கிய பதாகையை அச்சடிக்க அம்மா யாரையும் கூட்டிக்கொண்டு போகவில்லை. தானே கடைக்குப் போய், தானே நின்று எழுத்துக் கோக்க வைத்திருந்தார். நான் மாதக்கணக்கில் சாப்பாட்டு நேரத்தில் பெயர் திரும்பும் கதையைச் சொல்லிக் கத்தியபோதெல்லாம் முள் எடுத்துக்கொண்டு கேளாததுபோல் இருந்தவர், ஒரு சொல் விடாமல் கேட்டிருக்கிறார். பதாகையில் தங்கச்சியின் பெயருக்கு முன்னால் அப்பாவின் பெயர் இருந்தது. பின்னாலும் அப்பாவின் பெயர் இருந்தது. கடைக்காரர் பிழை என்று சொல்லித் திருத்தப் பார்த்தாராம், அம்மா விடவில்லையாம்.

அப்பா அதற்குக் கீழே நெஞ்சை நிமிர்த்தி நின்றார். "என்ட பேர் ரெண்டு தரம் கிடக்கு" என்று போகிற வருகிறவர்களுக்கெல்லாம் காட்டிக்கொண்டிருந்தார். ராத்தா படம் எடுத்து, அந்த இடத்திலேயே கைப்பேசியில் வரிசையைச் சரிபார்த்து ஏற்றினார். திரையை அம்மாவிடம் காட்டினார். எங்கள் வளாகத்தின் பெயருக்கு நேரே இரண்டு என்று இருந்தது.

அம்மா கண்ணைச் சுருக்கி அதைப் பார்த்தார். பிறகு பதாகையை நிமிர்ந்து பார்த்தார்.

"முன்னுக்கும் போட்டாச்சு, பின்னுக்கும் போட்டாச்சு" என்றார். "இனி என்ட புள்ளயக் காணல்ல எண்டு ஆராவது சொல்லட்டும் பாப்பம்."